மாடியில் ஓடும் சைக்கிள்

“ரெண்டு சைக்கிள் வாங்கிருவோம்.”

“எனக்கு எதுக்குப் புதுசு? பள்ளிக்கூடத்துல குடுத்தது இருக்குல்லா?”

“எது, அந்த ஊதாச் சைக்கிளா? அதுல புளியரை வளைவு ஏறுனா, நீ சைக்கிள ஓட்டிட்டு வர மாட்ட. தோள்ல தூக்கிட்டுத்தான் வருவ.”

“மேல்காத்துல மேலநீலிதநல்லூர் காலேஜுக்கு மூணு வருசம் மிதிச்ச காலு இது. உங்க வளைவ நான் பாத்துக்கிடுதேன்.”

“சரி, பாத்துக்கோ. மொத நாள் செங்கோட்டையில தங்கல். மறுநா காலையில மலை. பாலருவியில நிப்போம். பெறவு பதிமூணு கண் பாலத்துல நிப்போம். பெறவு தென்மலை அணையில...”

“நீங்க சொல்லுத இடத்துல எல்லாம் நான் நிக்க மாட்டேன். எனக்குப் பிடிச்ச இடத்துல நிப்பேன்.”

“நில்லு தாயி. நீ எங்கன நிக்கியோ, அங்கனயே நானும் நிக்கேன். போதுமா?”

அது கல்யாணத்துக்கு முந்திய பேச்சு. சர்ச்சில் கல்யாண அறிவிப்பின் இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பனவடலிசத்திரத்து வீட்டுக்குப் பின்னால் துவைகல்லில் உட்கார்ந்து ஜெனிபா, கட்டிக்கொள்ளப்போகிற பிரேம்சிங்கோடு போனில் பேசியது. “கறி ஆறிப்போகுது, வாட்டி” என்று அம்மா உள்ளேயிருந்து கத்திக்கொண்டே இருந்தாள். மேற்கே மலை, மழை கழுவிவிட்ட மாதிரி தெளிவாக நின்றது. இன்னும் ஒரு ஓலைதான் பாக்கி, அதற்குப் பிறகு அந்த மலை தானும் போய்வருகிற பாதையாகிவிடும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நாலு வருஷம் ஓடிவிட்டது. அந்தப் பேச்சை அதற்குப் பிறகு ஜெனிபா ஒருமுறைகூட எடுத்ததில்லை. மறந்துபோனதால் அல்ல.

பிரேம்சிங் வீட்டுப் பாத்திரக்கடை சங்கரன்கோவில் ரத வீதியில் இருக்கிறது. கீழே கடை, அதன் மேல் வீடு, வீட்டுக்கும் மேலே தகரம் வேய்ந்த குடோன். கடைக்குள் காற்று வருவதற்கு முன்வாசல் ஒன்றுதான். அதையும் தொங்கவிட்ட வாளிகளும் இட்லிக் கொப்பரைகளும் பாதி அடைத்திருக்கும். ஜெனிபாவின் இடம் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். பாத்திரத்தில் பேர் வெட்டுகிற வேலை அவளுடையது. தடித்த பேனா மாதிரி ஒரு மெஷின், முனையில் ஊசி. சுவிட்சைப் போட்டால் ஊசி துடிக்கும், சில்வண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் விரல்கள் மரத்துப்போகும். கல்யாண சீசனிலும் ஆடித்தபசுத் திருவிழா வியாபாரத்திலும், படுத்த பிறகும் அவள் கை துடித்துக்கொண்டிருக்கும்.

“மாமா அத்தை அன்பளிப்புன்னு வெட்டும்மா. மாமா பேரு சின்னதா, அத்தை பேரு பெருசா.”

“ஏன் அண்ணாச்சி, மாமா ஒண்ணும் குடுக்கலையா?”

“நான்தாம்மா மாமா. பெருசாப் போட்டா வீட்டுக்குள்ள விட மாட்டா.”

இப்படி நாள் முழுக்கச் சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் தலையை நிமிர்த்தினால் குடத்திலும் தூக்குவாளியிலும் தாம்பாளத்திலும் அவள் முகமேதான். ஒன்றில் உப்பி, ஒன்றில் நீண்டு, ஒன்றில் தலைகீழாக. வேறெதுவும் கண்ணில் படாது.

திங்கள் முதல் சனி வரை கடை. ஞாயிறு காலையில் ஆராதனை, சாயங்காலம் பெண்கள் ஐக்கிய சங்கம். ஓய்வுநாளில் பயணம் கூடாது என்பது மாமியார் மார்த்தாளின் சட்டம். கடை மூடுகிற ஒரே நாள் கடவுளுக்கு என்றால், மலைக்கு எந்த நாள்?

மார்த்தாள் கெட்டவள் இல்லை. முப்பது வயதுக்குள் கணவனை இழந்து, ஒற்றைப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அலுமினியப் பாத்திரத்தைத் தெருத் தெருவாக விற்று, இந்தக் கடையைப் பிடித்தவள். மருமகளுக்கு மீனில் நடுத்துண்டை எடுத்து வைப்பாள். காய்ச்சல் வந்தால் கால் பிடித்துவிடுவாள். சைக்கிள் என்ற பேச்சு மட்டும் அந்த வீட்டில் ஆகாது.

காரணம் ஊருக்கே தெரியும். மூன்றாவது ஓலைக்கு முந்தின வாரம் பிரேம்சிங் தன் கூட்டாளி மைதீன் பாட்சாவோடு கடைசியாக ஒருதரம் மலைக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பினான். திரும்பி இறங்கும்போது ஆரியங்காவுக்குக் கீழே ஒரு வளைவில், சாரலில் நனைந்த ரோட்டில் சைக்கிள் வழுக்கியது. தோள்பட்டை எலும்பு முறிந்தது, போன் நொறுங்கியது, பாட்சாவின் போனுக்கு மலையில் சிக்னல் இல்லை. விடியும்வரை வீட்டுக்குத் தகவல் இல்லை. கல்யாண போட்டோவில் மாப்பிள்ளைக்கு ஒரு கைதான் தெரியும். இன்னொரு கை கோட்டுக்குள் கட்டுப் போட்டுக் கிடக்கிறது.

அந்த வருஷ அசனப் பண்டிகையில், ஊர்ச் சபை மொத்தமும் உட்கார்ந்து சாப்பிடப்போகிற நேரத்தில், மார்த்தாள் நேர்ந்துகொண்ட பொருத்தனையைப் பாதிரி ஐயர் மைக்கில் வாசித்தார். பிள்ளையை உயிரோடு தந்த கிருபைக்காக ஸ்தோத்திரக் காணிக்கை. இனி என் மகன் பிரேம்சிங் சைக்கிளில் ரோட்டில் ஏறமாட்டான் என்று கர்த்தருக்குப் பொருத்தனை. சபை முழுக்க ஆமென் சொன்னது. பிரேம்சிங் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தான். யாரும் அவனிடம் கேட்கவில்லை. அவனும் வாயைத் திறந்து இல்லை என்று சொல்லவில்லை. இடது கையால் வாளியைப் பிடித்தபடி அடுத்த இலைக்கு நகர்ந்தான்.

அன்றிலிருந்து சபை முழுக்க அவனுக்குக் காவல். ஒருநாள் பக்கத்துக் கடைப் பையனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு முக்குக் கடையில் டீ வாங்கப் போனான். டீயோடு திரும்புவதற்குள், சர்ச்சில் மணி அடிக்கிற தங்கப்பழம், கடை வாசலில் நின்று மார்த்தாளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, ஒம்ம மவன் சைக்கிள்ல போறான். பொருத்தனை முடிஞ்சிட்டா?”

அதற்குப் பிறகுதான் பிரேம்சிங் ஒரு ஸ்டாண்டை வாங்கினான். குடோனில் கிடந்த தன் பழைய சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கி அதன் உருளையில் வைத்து இறுக்கிவிட்டால், மிதிக்கலாம், சைக்கிள் ஓடும், நகராது. பொருத்தனை ரோட்டுக்குத்தானே, குடோனுக்கு இல்லையே என்பது அவன் வாதம். வாதத்தை அம்மாவிடம் சொல்லவில்லை, ஜெனிபாவிடம் மட்டும் சொன்னான்.

தினமும் அதிகாலையில், அண்டாக்களுக்கும் அட்டைப்பெட்டிகளுக்கும் நடுவே அவன் மலை ஏறுவான். எதிரில் குத்துப்போணி என்கிற பெரிய பாத்திரம் ஒன்றின்மேல் போனைச் சாய்த்து வைத்திருப்பான். யாரோ மலையில் எடுத்த ரோட்டு வீடியோ அதில் ஓடும். ஜெனிபா கட்டஞ்சாயா போட்டு எடுத்துக்கொண்டு மேலே போவாள்.

“எங்கன வாரிய அத்தான்?”

“புளியரை தாண்டிட்டேன்.”

“சாரலா?”

“நனைஞ்சுட்டேன், பாரு,” என்று வியர்வையில் ஒட்டிய பனியனைக் காட்டுவான். “இன்னும் ரெண்டு வளைவு. பாலருவி வந்துரும். எறங்கி டீ குடிப்போம்.”

பாலருவியில் இருவரும் இறங்குவார்கள். கவிழ்த்துப் போட்ட அண்டாமேல் உட்கார்ந்து, ஒரே டம்ளரில் மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். அருவி அவள் உள்ளங்கை அகலத்துக்குப் போனில் விழும். அவன் அவள் நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கிவிடுவான். ஆரம்பத்தில் அது அவளுக்குப் பிடித்திருந்தது. அந்த நாளின் நல்ல நேரமே அதுதான் என்றுகூட இருந்தது. பிறகு எப்போதோ ஒருநாள், அண்டாமேல் உட்கார்ந்திருந்தபோது, அவன் மலையில் இருக்கிறான், தான் இன்னமும் டீக்கடையில் நிற்கிறோம் என்று தோன்றியது. தோன்றியது போகவே இல்லை.

மத்தியானம் கடை ஓய்ந்து மார்த்தாள் கண்ணயர்கிற நேரத்தில், சரக்கு எடுக்கிற சாக்கில் ஜெனிபா குடோனுக்குப் போக ஆரம்பித்தாள். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, சீட்டைத் தன் உயரத்துக்கு இறக்கி, ஏறி மிதிப்பாள். தகரம் கொதிக்கும். போனில் வீடியோ ஒன்றும் போட மாட்டாள். குடோனின் சின்ன ஜன்னல் மேற்கே பார்த்தது. தண்ணித்தொட்டிக்கும் செல்போன் டவருக்கும் நடுவே ஒரு விரற்கடை மலை தெரியும். அதைப் பார்த்தே மிதிப்பாள். இறங்கும்போது சீட்டை மறுபடி உயர்த்திவைத்துவிடுவாள். இரண்டொரு தடவை மறந்துபோனாள்.

“இந்தச் சீட்டு போல்ட்டு சரியில்ல ஜெனி. தானா எறங்குது,” என்று பிரேம்சிங் ஸ்பேனரை எடுத்து இறுக்கினான். “மட்டமான சரக்கு.”

“ஆமா அத்தான், இறுக்கி வையுங்க,” என்றாள்.

இறுக்கிய போல்ட்டைக் கழற்ற அவள் ஸ்பேனர் பிடிக்கப் பழகவேண்டியதாயிற்று.

இந்த ஆடிக் கடைசியில் மைதீன் பாட்சாவின் கூட்டம் மறுபடி கிளம்பியது. புளியங்குடி, கடையநல்லூர் வழியாகச் செங்கோட்டை, அங்கிருந்து பாலருவி, பதிமூணு கண் பாலம், தென்மலை, குளத்துப்புழை, கடைசியில் பொன்முடி. வழியெல்லாம் நின்று பார்த்துப் போகிற பயணம். சனிக்கிழமை காலையில் புறப்பாடு. பாட்சாவின் மனைவி அப்ரீன் பானுவும் இந்த முறை போகிறாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், தண்ணீர் பாட்டில் வாங்கப் பாத்திரக்கடைக்கு வந்தாள்.

“அக்கா, இதுல எம் பேரப் போட்டுக் குடுங்க. இல்லன்னா இவுக கூட்டாளியெல்லாம் என் தண்ணியக் குடிச்சுத் தீத்துருவாங்க.”

ஜெனிபா வெட்டிக் கொடுத்தாள். அப்ரீன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எவ்வளவு அழகா இருக்கு எழுத்து! அண்ணன்தான் பொருத்தனையில மாட்டிக்கிட்டாங்க. நீங்க வரலாம்லக்கா?”

“நானா?”

“உங்களுக்கும் சேத்தா பொருத்தனை?”

ஜெனிபா சிரித்தாள். “கடைய யாரு பாப்பா அப்ரீன்? காத்து வேற. இப்பம் மேக்க பாத்து மிதிச்சா காத்து நெஞ்சுல கைய வச்சுத் தள்ளும். கடையநல்லூர் வரைக்கும் ஆள் முதுகுக்குப் பின்னாலயே ஒட்டிப் போங்க. புளியரை மலைக்குள்ள நுழைஞ்சா காத்து அமந்துரும்.”

“இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சும்மா, கேள்விதான்.”

அப்ரீன் போன பிறகு அந்தக் கேள்வி மட்டும் கடையில் நின்றது. உங்களுக்கும் சேத்தா பொருத்தனை? நாலு வருஷத்தில் இப்படி ஒருத்தரும் கேட்கவில்லை. அவளே தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் பிரேம்சிங் ஸ்டாக்கிலிருந்து ஒரு ஸ்டீல் பாட்டிலை எடுத்து அவள் மடியில் வைத்தான். அம்மா கோவில்பட்டி வியாபாரியோடு போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

“இதுல பேரு வெட்டி வை ஜெனி,” என்றான் தாழ்ந்த குரலில். “இந்தத் தடவ நான் போயே தீருவேன். பாட்சாகிட்ட வாரேன்னு சொல்லிட்டேன்.”

“அத்தைகிட்ட?”

“நீதான் கேக்கணும்.”

“நானா? உங்க அம்மைகிட்ட நீங்க கேளுங்களேன்.”

“நான் கேட்டா அழுவா. நீ சொன்னா கேப்பா. எம்புட்டு நாளுதான் அந்தத் தகரத்துக்குக் கீழ மிதிக்கது? ஒரே எடத்துல மிதிச்சு மிதிச்சு எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும் ஜெனி. உனக்கு அது புரியாது.”

உனக்கு அது புரியாது. ஜெனிபா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் உண்மையாகவே சொன்னான். கண் ஓரம் சிவந்திருந்தது. கோபப்படவும் முடியவில்லை. இந்த வீட்டில் அம்மா மகனிடம் சொல்லவேண்டியதை அவளிடம் சொல்லுவாள், மகன் அம்மாவிடம் கேட்கவேண்டியதை அவளிடம் கேட்பான். இரண்டு பேரும் போக்குவரத்து நடத்துகிற கதவாக அவள் இருந்தாள்.

அவன் போனதும் மெஷினைப் போட்டாள். ஊசி துடித்தது. பாட்டிலை மடியில் இறுக்கிப் பிடித்து, ‘பி’ என்று தொடங்கவேண்டிய இடத்தில் ஊசியை வைத்தாள். கை ‘ஜெ’ என்று வெட்டியது. பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். தப்பாக வெட்டிவிட்டேன் என்று யாரிடமும் சொல்ல முடியாது. முதல் எழுத்து விழுந்த பிறகு மற்றதையும் வெட்டி முடித்தாள். அவள் தலைக்கு மேலே சுவரில் அந்த போர்டு தொங்கியது: பேர் வெட்டிய பாத்திரம் திரும்ப எடுக்கப்பட மாட்டாது. நாலு வருஷமாக ஊர்ப் பேரையெல்லாம் வெட்டியவள், தன் பேரை அன்றுதான் முதல்முறையாக வெட்டினாள். பாட்டிலைச் சேலைக்கடை மஞ்சப்பையில் சுற்றி ஸ்டூலுக்கு அடியில் வைத்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மத்தியானத்துக்கு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், தொட்டுக்கொள்ள வறுத்த நெத்திலியும். ஜெனிபா துவையல் அரைத்துக்கொண்டிருக்கும்போதே வெளியே காற்று ஷட்டரை உலுக்கிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பிரேம்சிங் மேசைக்கடியில் அவள் காலைத் தட்டினான். கேளு என்று அர்த்தம். அவள் துவையல் கிண்ணத்தை நகர்த்தினாள். மறுபடி தட்டினான்.

மார்த்தாள் சாப்பிடவில்லை. எழுந்து போய் மஞ்சப்பையை எடுத்துவந்து, பாட்டிலை மேசையின் நடுவில் நிறுத்தினாள்.

“ஏட்டி, ஸ்டூலுக்கு அடியில தூத்துப் பெருக்கப்போனேன். கெடக்கு. கடைச் சரக்குல உன் பேரு ஏறியிருக்கே, என்ன சங்கதி?”

பிரேம்சிங் குனிந்து படித்தான். “எம் பேரல்லா வெட்டச் சொன்னேன்?” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“உனக்கு எதுக்குல தண்ணி பாட்டிலு? கடைக்கும் வீட்டுக்கும் நடுவுல தாகமெடுக்கோ?”

அவன் சோற்றைப் பிசைந்தான்.

“வாயில கொழுக்கட்டையா? நீ சொல்லுட்டி. அவனுக்கு எல்லாம் நீதான பேசுவ.”

“அத்தை,” என்று தொடங்கினாள் ஜெனிபா. “நாளைக்குப் பாட்சா அண்ணன் கூட்டமெல்லாம் மலைக்குப் போறாவ...”

“தெரியும். தங்கப்பழம் சொல்லிட்டான். அவனுக்காகக் கேக்காத.” மார்த்தாள் டம்ளரை நகர்த்தினாள். “நான் பிள்ளையப் பூட்டிப் போட்டிருக்கேன்னு ஊரு நெனைக்கு. நீங்களும் நெனைக்கிய. மாடியில அவன் மிதிக்குத சத்தம் எனக்குக் கேக்காதுன்னா நெனைச்சிய? என் கட்டிலுக்கு நேர் மேலதான. நாலு வருசமா விடியக்காலம் அந்தச் சத்தத்துலதான் முழிப்பேன். அது ஒரே எடத்துலதான் சுத்துது, எங்கயும் போகலைன்னு தெரியும். தெரிஞ்சும் என்ன? அந்தச் சத்தம் நிக்குத வரைக்கும் ஜெபம் பண்ணிக்கிட்டேதான் கெடப்பேன். அன்னைக்கு ராத்திரி போனு அடிக்கும் அடிக்கும்னு ஒரு அம்மை உக்காந்திருந்தாளே, அவ இன்னும் எந்திரிக்கல மக்கா.”

பிரேம்சிங் தலையைத் தூக்கவில்லை. “எனக்குத் தெரியாதும்மா,” என்றான்.

“நீ எங்க கேட்ட? நானும் உன்ட்ட கேக்காமத்தான் பொருத்தன பண்ணேன். ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சு.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “கர்த்தருக்குக் குடுத்த வாக்கு. அதுல இனி நான் பேச முடியாது. மத்தியானத்துலயும் ஏறி மிதிக்கானே, அந்த வெக்கையில, அதயாவது நிப்பாட்டச் சொல்லு. தகரத்துக்குக் கீழ மயக்கம்போட்டு விழுந்துரப் போறான்.”

“மத்தியானமா?” என்றான் பிரேம்சிங். “மத்தியானம் நான் எங்கம்மா? கடையிலல்லா...”

பாதியில் நின்றான். அவன் கண் பாட்டிலுக்குப் போயிற்று, பாட்டிலிலிருந்து ஜெனிபாவின் கைகளுக்குப் போயிற்று. ஸ்பேனர் வழுக்கிக் கீறிய தழும்பு அவள் கட்டைவிரலில் இருந்தது. பாத்திரம் கீறிவிட்டது என்று சொல்லியிருந்தாள்.

“சீட்டு,” என்றான் மெதுவாக. “போல்ட்டு இல்ல. நீதானா ஜெனி?”

அவன் முகத்தில் துவைகல் போன் பேச்சு திரும்பி வருவதை அவள் பார்த்தாள். இரண்டு சைக்கிள் வாங்கிருவோம் என்று சொன்னவனுடைய முகம் அது. மேசைக்கடியில் அவன் கால் விலகிக்கொண்டது. இனி தட்ட மாட்டான்.

மார்த்தாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்னட்டி? என்ன பேசுதிய ரெண்டு பேரும்? அவனுக்கு இல்லாம வேற யாருக்குக் கேக்க வந்த?”

வெளியே காற்று மறுபடி ஷட்டரைப் பிடித்து ஆட்டியது. கீழே கடையில் தொங்கிய வாளிகள் ஒன்றோடொன்று மோதின. ஜெனிபா பாட்டிலை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். எச்சில் கை காய்ந்துபோயிருந்தது.

“அவுகளுக்கு இல்ல அத்தை,” என்றாள். “எனக்கு. எனக்கு அந்த மலைக்குப் போகணும். சைக்கிள் மிதிச்சு, எனக்குப் பிடிச்ச இடத்துல எல்லாம் நின்னு நின்னு போகணும். என்னைய விடுவியளா?”